இரண்டரைச் சொம்பு மழை

எங்கள் மண்டலத்தில் எத்தனை மழை பெய்தது என்று சர்க்காருக்குச் சொல்கிற ஆள் நான். பதினெட்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன். காலை எட்டரை மணிக்கு, மண்டல ஆபீசுக்குப் பின்னாலிருக்கும் சின்னக் கம்பிவேலியின் பூட்டைத் திறந்து உள்ளே போவேன். அங்கே ஒரு சிமெண்டு மேடைமேல் மழைமானி நிற்கிறது. பெயர்தான் பெரிது, ஆள் என் இடுப்புக்கு வரமாட்டான். தலையில் ஒரு புனல், வயிற்றுக்குள் ஒரு பாட்டில். முந்தின நாள் எட்டரையிலிருந்து அன்றைக்கு எட்டரை வரை அந்தப் புனலில் விழுந்த தண்ணீரை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் நோட்டில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் மழைமானி என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எல்லோருக்கும் அது 'டப்பா'தான்.

மண்டலம் என்றால் ஆந்திராவில் ஒரு சின்னத் தாலுகா மாதிரி, எங்கள் மண்டலத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது மனுப் போடுவார்கள், எங்கள் பக்கத்துக்காரர்கள் மனுப் போடுவதில் கெட்டிக்காரர்கள். சித்தூருக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் பேசுவோம், ஆபீசில் தெலுங்கு பேசுவோம், சண்டை வந்தால் இரண்டும் பேசுவோம்.

மழை விஷயத்தில் எங்களைப்போல நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கிடையாது. கிழக்கே சத்தியவேட்டுப் பக்கம், ஐப்பசியில் கடலில் காற்றழுத்தம் ஒரு தும்மல் போட்டால் போதும், ஏரி உடைந்தது என்று செய்தி வந்துவிடும். திருமலையில் கேட்கவே வேண்டாம், அங்கே மேகத்துக்குத் தினமும் தரிசனம் கிடைக்கிறது. தெற்கே வேலூர் ரோட்டில் மழை கொட்டுவதை எங்கள் மாட்டுக்கொட்டகையில் நின்றே பார்க்கலாம். கறுத்துத் திரண்டு செக்போஸ்ட் வரைக்கும் வரும். அங்கே பர்மிட் இல்லாத மணல் லாரி மாதிரி ஒரு யோசனை யோசித்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விடும். தப்பித் தவறி எங்கள் பக்கம் வந்தாலும் பாரபட்சம் பார்த்துத்தான் பெய்யும். மேலத்தெருவில் மாவு காயப்போட்டிருப்பார்கள், கீழத்தெருவில் குடை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனாலும் சர்க்கார் கணக்கில் மண்டலம் முழுவதற்கும் ஒரே மழைதான். அது என் டப்பாவில் விழுந்த மழை. இதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. 'எங்க ஊர்ல ஒரு பொட்டு வுழல, நீ எப்டி இருவதுன்னு எழுதின?' என்று ஒருவர் வருவார். 'நேத்து எங்க கொல்லியில மொழங்கால் தண்ணி, நீ இன்னா சைபர் போட்டுக்கினு கீற?' என்று இன்னொருவர் வருவார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: டப்பாவில் இருப்பதுதான் மழை. நான் லீவு போடுகிற நாட்களில் அளக்கிற அட்டெண்டருக்கும் இதைத்தான் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் நல்ல மனிதர், நெற்றி நிறைய நாமம் போட்டவர், தெலுங்குக்காரர். முன்பெல்லாம் வேலிக்குள் போகாமலே வானத்தைப் பார்த்து ஒரு எண்ணை எழுதிவிடுவார். 'வானத்தைப் பார்க்காதே, பூமியைப் பார்க்காதே, டப்பாவை மட்டும் பார்' என்று நான் அவரைத் திட்டித் திட்டித் திருத்தினேன். திருத்தியதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

நான் சொல்லவந்தது சில வருஷத்துக்கு முன்னால் நடந்த கூத்து. அந்த வருஷம் ஆனியில் இரண்டு நல்ல மழை பெய்தது. அதை நம்பி எல்லோரும் வேர்க்கடலை விதைத்தோம். எல்லோரும் என்றால் என் வீடும் சேர்த்துத்தான். எங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் நைனா காலத்தில்தான் ஆளுக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் கைக்கு வந்தது. கிணறு கிடையாது, போர் போட்டால் புகைதான் வரும். மேலே பார்த்துத்தான் விவசாயம்.

விதைத்த பிறகு மழை எங்களை மறந்துபோனது. ஆடி காய்ந்தது, ஆவணி பிறந்தும் காய்ந்தது. செடி பூ வைத்த இடத்திலேயே சுருண்டது. இனி மிச்சமிருந்தது ஒரே வழி. இத்தனை நாள் தொடர்ந்து மழையில்லை என்று கணக்கு சொன்னால், மண்டலத்தைக் 'கரவு மண்டலம்' என்று அறிவிப்பார்கள். கரவு என்றால் எங்கள் பக்கத்தில் வறட்சி. அறிவித்தால் மாற்று விதையாகக் கொள்ளு கொடுப்பார்கள். கொள்ளு ஒரு தூற்றல் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். வீட்டுக்கும் ஆகும், மாட்டுக்கும் ஆகும். எங்கள் கையில் விதை வாங்க வழியில்லை, இருந்ததையெல்லாம் வேர்க்கடலையில் போட்டுப் புதைத்திருந்தோம். அந்தக் கொள்ளு வராவிட்டால் அந்த வருஷம் நிலத்தைப் பூட்டிவிட்டுப் பாதி ஊர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான். என் மனைவி அதற்குள் எங்கள் பசுவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே ஊரே என் டப்பாவைக் காவல் காத்தது. காலையில் நான் வேலியைத் திறக்கும்போது நாலு பேர் வெளியே நிற்பார்கள். 'சைபர்' என்று சொன்னால் முகம் மலரும், பிறகு வெயிலைப் பார்த்து வாடும். ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் மனக்குறையைச் சொன்னார்.

"சார், மழ வரணும். ஆனா டப்பாவுல வுழக்கூடாது. அந்த மாதிரி எதுனா ஏற்பாடு பண்ண முடியுமா?"

ஒரு நாள் டப்பாவின்மேல் யாரோ வேலிக்கு வெளியிலிருந்து குச்சியால் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவைத்திருந்தார்கள். நான் எடுத்துப் போட்டுவிட்டு எல்லோரிடமும் கத்தினேன். ஒரு மில்லிமீட்டர்கூட நான் பொய் எழுதியதில்லை, எழுதவும் விடமாட்டேன் என்று பிரசங்கமே செய்தேன். என் பிரசங்கத்தைக் கேட்டு யாரும் உருகவில்லை. வாளியின் சொந்தக்காரர் மட்டும் வந்து வாளியை வாங்கிக்கொண்டு போனார்.

கரவு மண்டலங்களின் லிஸ்ட் தயாராக இன்னும் நாலே நாள் இருந்தது. அன்றைக்கு வியாழக்கிழமை. மறுநாள் காலையில் என்னோடு வேலை பார்த்தவரின் மகளுக்குத் திருப்பதியில் கல்யாணம், அலிபிரி பக்கத்தில் மண்டபம். என் மனைவியையும் கூப்பிட்டேன். பசு சினையாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கன்று போடும், நான் வரவில்லை என்றாள். பசு கன்று போட இன்னும் ஒரு மாதம் இருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அட்டெண்டரிடம் ஆபீசில் இருக்கும் வேலிச் சாவியைக் கொடுத்து, நாளைக்கு எட்டரைக்கு மறக்காமல் அளந்து அனுப்பு என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினேன். வேலிக்கு இன்னொரு சாவி உண்டு, அது எப்போதும் என் வீட்டு ஆணியில் தொங்கும்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், எங்கள் டிபார்ட்மெண்டுக்காரர்தான், வாய் நிறையச் சோற்றோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கென்ன சார், நேத்து உங்க மண்டலத்துல வெளுத்து வாங்கியிருக்குதே!"

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஜில்லா முழுவதும் மழைக் கணக்கு போடுகிற வாட்ஸப் குரூப்பில் வரிசையாகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நடுவில் எங்கள் மண்டலத்துக்கு நேராக அறுபத்திரண்டு. கீழே ஏழெட்டுப் பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். எனக்குப் போட்ட பாயசம் இலையில் ஓட ஆரம்பித்ததைக்கூட நான் தடுக்கவில்லை.

கை கழுவின கையோடு அட்டெண்டருக்குப் போன் போட்டேன்.

"அளந்தியா?"

"அளந்தேன் சார். நாலு வாட்டி ஊத்தி அளந்தேன்."

"ராத்திரி மழ பெய்ஞ்சுதா?"

"நான் ஃபேன் போட்டுக்கினு தூங்கிட்டேன் சார்."

"நெலம் ஈரமா இருந்துச்சா?"

"டப்பாகிட்ட ஈரமா இருந்துச்சி சார்."

"மத்த எடம்?"

"நீங்கதான சார் பூமியப் பாக்காத, டப்பாவப் பாருன்னு சொன்னீங்க?"

நான் சொன்னதுதான், மறுக்க முடியவில்லை. தாசில்தாராவது, எங்கள் பக்கத்தில் எம்மார்வோ என்போம், கேட்டிருக்கக்கூடாதா என்றேன். அவர் எங்கள் பக்கத்துக்குப் புதிது. 'இங்கே மழை இப்படித்தான் பெய்யுமாம், ஒரு வீட்டில் பெய்யும், பக்கத்து வீட்டில் பெய்யாது' என்று சொல்லித் தன் லாகினில் ஏற்றிவிட்டாராம். அவரிடம் அப்படிச் சொல்லிவைத்ததும் நான்தான்.

"சரி, அந்தத் தண்ணிய இன்னா பண்ண? கொட்டிட்டியா?"

அட்டெண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"கொட்டல சார். மஞ்சி வாசன சார். மஞ்சளும் பச்சக்கற்பூரமும் கலந்த மாதிரி நல்ல வாசன. மழையில அந்த வாசன வருதுன்னா அது மேல இருந்து வந்த தீர்த்தம்தான? எல்லாருக்கும் ஒரு கரண்டி குடுத்தேன். எம்மார்வோ சார் ரெண்டு வாட்டி வாங்கிக்கினாரு."

கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி. நேராக ஆபீசுக்குப் பின்னால் போனேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. டப்பாவின் நெற்றியில், டப்பாவுக்கு நெற்றி என்று ஒன்று இருக்குமானால், சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தது. கழுத்தில் இரண்டு முழம் கனகாம்பரம். மேடையின் நாலு மூலையிலும் கற்பூரம் எரிந்த கறுப்பு. காலையில் இதையெல்லாம் பார்த்த அட்டெண்டர், ஊருக்குக் கிளம்புமுன் நான்தான் பூஜை போட்டேன் என்று நினைத்தாராம். பூட்டு உடையவில்லை, யாரோ சாவி போட்டுத்தான் திறந்திருந்தார்கள். வீட்டுக்குப் போய் ஆணியில் பார்த்தேன். சாவியின் கழுத்தெல்லாம் மஞ்சள்.

என் மனைவி கொட்டகையில் பசுவுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மே, இந்தச் சாவி எப்பத்துலருந்து மஞ்சள் பூசிக்கினு கீது?"

"எந்தச் சாவி?"

"டப்பா சாவி."

அவள் தவிட்டுக் கையை மெதுவாக உதறினாள். "சொன்னா கத்துவீங்க."

"கத்தல. சொல்லு."

சொன்னாள். நான் கத்தினேன்.

அந்த இரண்டு மாதத்தில் ஊர்ப் பெண்கள் மழைக்காகச் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. பிள்ளையாரைத் தும்பிக்கை முழுகும்வரை தண்ணீரில் உட்காரவைத்தார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். இரண்டு கழுதையைப் பிடித்துக் கல்யாணமே செய்துவைத்தார்கள், அந்தக் கல்யாணத்துக்கு நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் என் மனைவிக்கு அந்த யோசனை வந்ததாம்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமில்ல?" என்றாள். "சாமிங்களையெல்லாம் கேட்டாச்சி. மழைக்குப் பூசாரி யாரு? உங்க டப்பாதான? அதுல வுழுந்தாத்தான மழன்னு சர்க்காரு ஒத்துக்குது? பதினெட்டு வருசமா வெயில்ல நின்னுக்கினு கீது பாவம், ஒருத்தரும் ஒரு பொட்டு வெக்கல. அதான் அஞ்சு பேரு வெடிகாலையில போயி ரெண்டு சொம்பு மஞ்சத்தண்ணியும் அர சொம்பு பாலும் ஊத்தி அபிஷேகம் பண்ணோம்."

"தண்ணி உள்ள போயி நிக்கும்னு தெரியாதா?"

"கோயில்ல ஊத்தினா கோமுகி வழியா வெளிய பூடுமில்ல? இதுக்கும் எங்கியோ ஒரு கோமுகி இருக்கும்னு நெனச்சோம்."

மழையை அளக்கிற கருவிக்குக் கோமுகி வைக்காதது அதைச் செய்தவன் தப்பு என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் தலையில் கைவைத்துத் தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டேன். தொடர்ந்து இத்தனை நாள் மழையில்லை என்கிற கணக்கு அறுந்துபோனது. பட்டினியாக இருந்தவன் நடுவில் விருந்து சாப்பிட்டான் என்று எழுதின மாதிரி. இனிமேல் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் கொள்ளு விதைக்கிற பருவமும் போய்விடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன். இவர்கள் பிடித்த குரங்கு எங்கள் விதையையும் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது.

சனிக்கிழமை காலையில் ஊர் என் வாசலுக்கு வந்தது. வாளிக்காரர்தான் முன்னால் நின்றார். வேரோடு பிடுங்கிய வேர்க்கடலைச் செடி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதை என் மூக்குக்கு நேராக ஆட்டினார், காய்ந்த இலை என் சட்டையெல்லாம் கொட்டியது.

"அறுவத்திரண்டு மழ பெய்ஞ்ச செடியா இது? சொல்லு! ஒரு மில்லிகூட பொய் எழுதமாட்டேன்னு அன்னிக்கு எங்கள வாளிக்காக அந்தப் பேச்சு பேசினியே!"

உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரி பெயர் வரும், சொல்லாவிட்டால் நான் பொய்யன். இரண்டில் எது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அவர ஒண்ணியும் சொல்லாத. நாங்கதான் ஊத்தினோம். அஞ்சு பேரு."

"எவ எவ?" என்று வாளிக்காரர் குதித்தார். "பேரச் சொல்லு, இன்னிக்கி இருக்குது அவளுங்களுக்கு!"

கூட்டத்தின் பின்னாலிருந்து அவர் மனைவி, "கத்தாதய்யா, பால் நம்ம வூட்டுப் பால்தான்" என்றாள். அவர் செடியைக் கீழே போட்டுவிட்டு, என்னிடம் ரொம்பத் தணிவாக, இதை எப்படிச் சரிபண்ணுவது என்று கேட்டார்.

ஒரு தடவை ஏறிய எண்ணை மண்டலத்தில் மாற்ற முடியாது, சித்தூரில் ஜில்லா அதிகாரிதான் மாற்றலாம். சனி ஞாயிறு ஆபீஸ் கிடையாது. திங்கட்கிழமை சாயங்காலம் லிஸ்ட் போய்விடும். ஆகவே திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான், என் மனைவி, அட்டெண்டர் மூன்று பேரும் சித்தூர் ஆபீஸ் வராந்தாவில் நின்றோம். என் மனைவி ஒரு ஒயர் கூடையில் அந்தச் சொம்பையும் எடுத்துவந்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். போலீஸில் கத்தியைக் காட்டச் சொல்வார்கள் இல்லையா, அது மாதிரி என்றாள்.

அதிகாரி ஒரு மேடம். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். வேலூரில் படித்ததால் தமிழ் நன்றாக வரும் என்று சொல்லித் தமிழிலேயே ஆரம்பித்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"டப்பாவில் வந்தது மழை. ரூல் அதுதானே?"

"ரூல் அதுதான் மேடம்."

"அப்புறம் அது மழை இல்லைன்னு எப்படி எழுதறது? எனக்கு ஆதாரம் வேண்டாமா? அந்த நீள்ளு, அந்தத் தண்ணி எங்கே?"

"குடிச்சிட்டாங்க மேடம்."

"யாரு?"

"ஆபீஸ் மொத்தமும்."

அட்டெண்டர் முன்னால் வந்து கைகட்டி நின்று, வாசனையைப் பற்றியும் பச்சைக் கற்பூரத்தைப் பற்றியும் சாட்சி சொன்னார். கடைசியில் குரல் இறங்கி, "மேடம், அது தீர்த்தம் இல்லன்னா, குடிச்சதுல தப்பு எதுனா வருமா?" என்று கேட்டார். மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். மேடத்தின் உதடு சிரிப்பை அடக்கித் துடித்ததை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கவனித்தேன்.

அறை மூலையில் ஒரு பழைய மழைமானி இருந்தது. அதில் ஆபீஸ்காரர்களின் குடைகளைச் சொருகிவைத்திருந்தார்கள். மேடம் எழுந்துபோய்க் குடைகளைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, என் மனைவியிடம் கையை நீட்டி, "அந்தச் சொம்பைக் கொடும்மா. எப்படி ஊத்தினீங்களோ அப்படியே ஊத்து" என்றார்.

தண்ணீர் வந்தது. முதல் சொம்பு ஊற்றினாள். குவளையில் அளந்தேன், இருபத்தைந்து. இரண்டாவது சொம்பு, ஐம்பது. அரைச் சொம்பு ஊற்றும்போது, பால் ஊற்றிய பழக்கத்தில், அவள் உதடு மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுத்தது. எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டும் ஒரு துளியும். அட்டெண்டர் பெருமூச்சு விட்டார். என் குவளையும் என் அட்டெண்டரும் அணுவளவும் பிசகவில்லை என்பதில் அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷம் வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவி சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"அப்ப ஆனியிலருந்து நம்ம பக்கம் பெய்ஞ்சதெல்லாம் இந்த டப்பாவுல எத்தினி சொம்பு?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் மனக்கணக்குப் போட்டு, நாலு என்றேன்.

"நாலு சொம்பா?" என்றாள். "இத்தினி நாளும் நாலு சொம்புதானா?"

மேடம் அவளை உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. இதை ஏன் செய்தாய், அதை மட்டும் உன் வாயால் சொல்லு, நான் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்.

"எங்க தல காயறத யாரும் எழுதறதில்ல மேடம். எங்க செடி காயறத எழுதறதில்ல. இதுல வுழுந்தா மழ, இதுல வுழலன்னா கரவு. எல்லாம் இதுதான்னு ஆனப்புறம் நாங்க வேற எதுக்கு ஊத்தறது? தப்புதான். இவுருமேல ஒண்ணியும் தப்பில்ல."

அந்த அறையில் எனக்குக் கண் கலங்கியது. பதினெட்டு வருஷமாக நான் வீட்டுக்குக் கொண்டுபோன எண்களையெல்லாம் அவள் என்னவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மேடம் தலை நிமிராமல் அவள் சொன்னதைத் தெலுங்கில் எழுதி, அவளிடம் ஒரு கையெழுத்தும் அட்டெண்டரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கினார். பிறகு அறுபத்திரண்டைச் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். நல்ல பெரிய, உருண்டையான பூஜ்யம். நாங்கள் வாசல்படி இறங்கும்போது உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. எம்மார்வோ ரெண்டு வாட்டி, ரெண்டு வாட்டி என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் லிஸ்ட் வந்தது. எங்கள் மண்டலம் அதில் இருந்தது. அட்டெண்டர் ஆபீஸ் படியிலிருந்தே, "கரவு வந்துடுச்சி! கரவு வந்துடுச்சி!" என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். வாளிக்காரர் டீக்கடையில் இருந்த மைசூர்பாக்கையெல்லாம் வாங்கி வழியில் போனவர் வந்தவருக்கெல்லாம் கொடுத்தார். பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்கும் கொடுத்தார். டிரைவர் என்ன விசேஷம் என்று கேட்டார். எங்கள் மண்டலத்தில் வறட்சி என்று சொன்னதும், அவர் ஒரு தடவை எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு மைசூர்பாக்கை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். யாரோ பையன் கல்யாணத்தில் மிஞ்சிய சரவெடியைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள்.

நான் இரண்டு துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு எங்கள் நிலத்துக்குப் போனேன். என் மனைவி காய்ந்த வேர்க்கடலைச் செடியை மாட்டுக்காகப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். செடியை இழுத்தால் மண் ஒட்டவில்லை, அப்படியே புழுதியாக உதிர்ந்தது. நான் காகிதத்தை நீட்டினேன்.

"நம்ம பேரு வந்துச்சா?"

"வந்துச்சி. அடுத்த வாரம் கொள்ளு குடுக்கறாங்க."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்துப் பாதி கடித்தாள். ஊரிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"மழையே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு ஊரே ஸ்வீட்டு துன்னுக்கினு வெடி வெக்குது" என்றாள். "மேல கீற மழ இத்தப் பாத்தா இன்னா நெனைக்கும்? இவுங்களுக்கு நாம வேணாம் போலன்னு அப்டியே பூடாதா?"

என்னிடம் அதற்கு எண் எதுவும் இல்லை. அவள் என் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. மிச்சமிருந்த பாதியை என் கையில் வைத்துவிட்டு, பிடுங்கிய செடிகளுக்கு நடுவில் நிமிர்ந்து நின்று, ஒரு மேகமும் இல்லாத வானத்தைப் பார்த்து, பக்கத்துக் கொல்லைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்:

"அது ஆபீசுக்காக எழுதினது சாமி. நீ வா."